மன்றோ பட்டியல்: மலை ஏறுகிறோமா, டிக் அடிக்கிறோமா?

மார்ச் 2, கிளாஸ்கோ வாசகர் ஒருவரின் கேள்வி

அக்கா, நான் ஸ்காட்லாந்துக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆபீஸில் திங்கட்கிழமை காலையானால் ஒருத்தன் "இன்னும் நாற்பதுதான் பாக்கி" என்கிறான், இன்னொருத்தி "நான் இருநூறைத் தாண்டிவிட்டேன்" என்கிறாள். எல்லாம் மலைக் கணக்கு. மலைக்குப் போவது நல்ல விஷயம்தான். லிஸ்ட் வைத்துக்கொண்டு டிக் அடிப்பது என்ன ரசனை? வெள்ளியங்கிரி ஏறுகிறவன் லிஸ்ட் பார்த்தா ஏறுகிறான்? இது மலையேற்றம் இல்லை, கடையில் ஸ்டாக் எடுக்கிற வேலை. நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்களாமே. பதில் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

இருக்கிறேன். பாதியைத் தாண்டியாகிவிட்டது. எண்ணைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த தடவை "ஏன் அப்படியே நிற்கிறது" என்று கேட்பீர்கள்.

லிஸ்ட் வைத்துப் போவது நமக்குப் புதிதா? ஆறுபடை வீடு என்ன, பாடல் பெற்ற தலங்கள் என்ன, 108 திவ்ய தேசம் என்ன? என் பெரியப்பா ஒரு டைரியில் ஊர், தேதி, கூட வந்தவர்கள் பெயர் எல்லாம் எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் டிக் போட்டு வைத்திருந்தார். நூற்றெட்டில் திருப்பாற்கடலும் பரமபதமும் இந்தப் பூமியிலேயே இல்லை என்பதால் உயிரோடு இருக்கிறவர் 106-க்கு மேல் போக முடியாது. அவரிடம் போய் "இது பக்தி இல்லை, ஸ்டாக் எடுப்பது" என்று யாரும் சொன்னதில்லை. சொல்லும் தைரியமும் யாருக்கும் கிடையாது, அது வேறு விஷயம்.

விவரம் தெரியாதவர்களுக்கு: ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேல், அதாவது 914.4 மீட்டருக்கு மேல், தனி மலை என்று கணக்கில் வருபவை 282. இவற்றுக்கு மன்றோ என்று பெயர். 1891-ல் ஹியூ மன்றோ என்பவர் ஸ்காட்டிஷ் மலையேறும் கழகத்தின் இதழில் முதல் அட்டவணையை வெளியிட்டார். அதுவரை 3000 அடி தாண்டிய மலைகள் முப்பது சொச்சம் இருக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அவர் கணக்கில் தனி மலைகள் 283, துணை உச்சிகளையும் சேர்த்தால் 538 என்று வந்தது.

914 மீட்டரா, நம் கொடைக்கானலே 2100 மீட்டராச்சே என்று சிரிக்க வேண்டாம். இங்கே பல மலைகளில் கடல் மட்டத்திலிருந்தே நடையைத் தொடங்க வேண்டும். காற்று, மழை, சேறு எல்லாம் அதற்கு மேல்.

மார்ச் 3

"மன்றோ என்றால் நம்ம தீவுத்திடல் மன்றோவா?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கிண்டலுக்குக் கேட்டிருப்பார்கள்.

அவர் இல்லை, அவருடைய பேரன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

சென்னையில் அங்கவடி இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த சர் தாமஸ் மன்றோ 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். சேலம், பாரமஹால் பக்கம் வருவாய் வேலை பார்த்து, ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்து, 1820-ல் மதராஸ் கவர்னரானார். 1827-ல் பத்திகொண்டாவில் காலரா வந்து செத்துப்போனார். அவருக்குக் கொடுத்த பட்டம் "லிண்டர்டிஸ் பாரனெட்". அந்தப் பட்டத்தில் நான்காவதாக வந்தவர்தான் நம் ஹியூ மன்றோ. தாமஸின் மகன் கேம்ப்பெல்லுக்குப் பிறந்தவர். தாத்தா பாரமஹாலில் வயல் வயலாக அளக்கவைத்துக் கணக்கு எழுதினார், பேரன் மலை மலையாக எழுதினார். அந்த வீட்டு ரத்தத்திலேயே லெட்ஜர் ஓடியிருக்கிறது போல.

லிண்டர்டிஸ் நான் இருக்கும் பெர்த்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். (ஸ்காட்லாந்து பெர்த். ஆஸ்திரேலியாவுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். என் மாமியார் ஒருமுறை அந்த ஊர் வெயிலைச் சொல்லி என்னைப் பரிதாபப்பட்டார்.)

மார்ச் 9

எது தனி மலை, எது துணை உச்சி? இதைக் கேட்டவருக்கு நல்ல கண். இதற்குச் சூத்திரமே இல்லை. இரண்டு உச்சிகளுக்கு நடுவே எவ்வளவு இறக்கம் இருந்தால் அவை தனித்தனி மலை என்று மன்றோ எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவர் கண்ணுக்கு எது மலையாகப் பட்டதோ அது மலை. அவருக்குப் பின் கழகத்தார் கண்ணுக்குப் பட்டது. அதனால்தான் 1921, 1981, 1997 என்று திருத்திக்கொண்டே வருகிறார்கள். 1997 திருத்தத்தில் 284 ஆயிற்று.

அப்புறம் ஜி.பி.எஸ். கருவி வந்தது. 2009-ல் ஒரு மலை 913.43 மீட்டர்தான் என்று தெரிந்து பட்டியலை விட்டுப் போனது. 2012-ல் ஃபிஷர்ஃபீல்டு காட்டில் இன்னொன்று, 913.96 மீட்டர். நாற்பத்து நான்கு சென்டிமீட்டர் குறைவு! அதற்குப் பெயர் பெயின் அ ஹ்லைவ். உச்சரிப்புக்கு நான் பொறுப்பில்லை. ஆக 282.

ஃபிஷர்ஃபீல்டில் அதுவரை "ஆறு மலைச் சுற்று" என்று ஒன்று பிரபலம். இப்போது ஐந்து. ஆனால் சுற்றின் வடிவத்துக்கு அந்த ஆறாவதும் வேண்டும் என்பதால் முக்கால்வாசிப் பேர் இன்னமும் அதையும் ஏறித்தான் இறங்குகிறார்கள். நானும் ஏறினேன். டிக் கிடையாது. கால் வலி மட்டும் முழுசாக உண்டு.

மார்ச் 10

"ஃபிஷர்ஃபீல்டைப் பற்றி விரிவாக" என்றதால்.

சாலையை விட்டு நடக்க ஆரம்பித்தால் ஷெனவால் என்ற கற்குடில் வரவே மூன்று மணி நேரம் ஆகும். அங்கே பூட்டு கிடையாது, வாடகை கிடையாது, மின்சாரமும் கழிப்பறையும் கிடையாது. ஒரு மண்வெட்டி இருக்கும், அதுதான் கழிப்பறை. இதுபோன்ற நூறு குடில்களை 1965-ல் தொடங்கிய ஒரு தன்னார்வச் சங்கம் பழுது பார்த்து வைத்திருக்கிறது. உள்ளே போனால் பாதி எரிந்த மெழுகுவர்த்தி, யாரோ விட்டுப்போன நூடுல்ஸ், சுவரில் வருகைப் பதிவு நோட்டு. இரவெல்லாம் எலி பிளாஸ்டிக் பையைச் சுரண்டும். உணவுப் பையை ஆணியில் தொங்கவிட வேண்டும் என்று பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் சொல்லிக் கொடுத்தார். அவருடைய ஆணியிலும் எலி ஏறியது.

குடிலுக்குக் கீழே இரண்டு ஆறுகள். இரண்டிலும் பாலம் இல்லை. வற்றிய நாளில் முழங்கால் ஆழம். மேலே மழை பெய்துவிட்டால் திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்காட்லாந்தில் மலையைவிட ஆற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மலையில் வேண்டாம் என்று தோன்றினால் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கும், ஆற்றின் நடுவில் இருக்காது.

மார்ச் 23

பனியில் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு: ஐஸ் கோடரியும் கிராம்பானும் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல்) கையில் இருப்பது போதாது, சறுக்கினால் கோடரியைக் குத்தி நிறுத்தப் பழகியிருக்க வேண்டும். ஒரு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வாருங்கள். மே மாதத்திலும் மேலே பனி கிடக்கும். யூடியூபில் பார்த்தேன் என்று சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் 13

முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் வக்கீல் வாதம். அவர் திவ்ய தேசக் கதையைக் கேட்டு மடங்கவில்லை. "பெரியப்பா கோயிலுக்குள் போய்க் கும்பிட்டார், நீங்கள் உச்சியில் என்ன செய்கிறீர்கள்?" என்று திருப்பி எழுதியிருக்கிறார். செல்ஃபி எடுக்கிறோம், வேறென்ன.

சரி, நேராகச் சொல்கிறேன். லிஸ்ட் இல்லாவிட்டால் நான் எங்கே போயிருப்பேன்? பென் லோமண்ட், பென் நெவிஸ், க்ளென்கோ. படத்தில் பார்த்த இடங்கள். ட்ரூமோக்டர் கணவாய்க்கு ஜென்மத்துக்கும் போயிருக்க மாட்டேன். ஏ9 சாலையில் இன்வெர்னஸ் போகும்போது இரண்டு பக்கமும் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்குமே, அதுதான். மேற்குப் பக்கம் நான்கு மன்றோ. கீழே லாரிச் சத்தம், மேலே உயர்மின் கம்பி, உச்சி தட்டை. ரசித்து ஏற அங்கே ஒன்றுமே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

போன வாரம் போனேன். இரண்டாவது உச்சிக்கு முன்னால் காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நடந்தபோது காலடியில் ஒரு கல் எழுந்து ஓடியது. மலை முயல். குளிர்காலத்தில் முழு வெள்ளையாகிவிடும், ஏப்ரலில் முதுகும் தலையும் பழுப்பாகி, காதும் வயிறும் கால்களும் வெள்ளையாக இருக்கும். பனி உருகிவிட்ட சரிவில் அந்த வெள்ளை ஊருக்கே தெரிகிறது, அதற்கு மட்டும் தெரியவில்லை. இருபது அடி ஓடிவிட்டு, நான் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் மறுபடி கல்லாக உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிட்டது. அந்தச் சரிவு முழுக்க முயல்.

அழகான மலைக்கு யார் வேண்டுமானாலும் தானாகப் போவார்கள். எனக்கு லிஸ்டின் உபயோகம் அழகில்லாத மலைகளில்தான்.

ஏப்ரல் 14

"பக்கத்து ஊர் மலை ஏதாவது" என்றவருக்கு: ஷிஹாலியன், 1083 மீட்டர். என் வீட்டிலிருந்து கிட்ட. கடைசிப் பகுதி முழுக்கக் கற்பாறை; கணுக்கால் பத்திரம்.

இந்த மலையில்தான் 1774-ல் நெவில் மாஸ்கலைன் என்ற அரசவை வானியலாளர் பூமியை நிறுக்க வந்தார். கொத்தனார் பிடிக்கிற தூக்குக் குண்டு இருக்கிறதே, அதை மலையின் பக்கத்தில் தொங்கவிட்டால் மலை தன் பக்கம் துளி இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்று நட்சத்திரங்களை வைத்து அளந்து, மலையின் கனத்தையும் கணக்கிட்டால் பூமியின் அடர்த்தி கிடைக்கும். மலையின் உருவத்தைக் கணக்கில் கொண்டுவரச் சார்ல்ஸ் ஹட்டன் ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளைக் கோடுகளால் சேர்த்தார். இன்று நம் மேப்பில் இருக்கும் சமஉயரக் கோடுகள் அந்த வேலையில் பிரபலமானவை. 1802-ல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் அடிப்படைக் கோடு அளந்து தொடங்கிய இந்திய நில அளவையையும் இதே இழுப்பு பிற்பாடு இமயமலை அடிவாரத்தில் தொந்தரவு செய்தது.

மேப் பார்க்கத் தெரியாமல் மலைக்கு வருகிறவர்களை ஷிஹாலியனுக்கே கொண்டுபோய் விட வேண்டும் என்பது என் கருத்து.

மே 4

சாப்பாடு. கடைசியில் இந்தக் கேள்வி வந்தே விட்டது.

புளியோதரை. இரண்டு நாளானாலும் கெடாது, குளிரில் இறுகினாலும் வாய்க்குப் பிடிக்கும். எலுமிச்சை சாதம் பரவாயில்லை. இட்லி வேண்டாம், பையில் நசுங்கி மாவாகிவிடும். தயிர் சாதம் பனிக்காலத்தில் கூடவே கூடாது, பல் கூசும். கையுறையைக் கழற்றி விரலால் சாப்பிட்டால் விரல் திரும்ப வேலை செய்ய பத்து நிமிடம் ஆகிறது, அதனால் ஸ்பூன். ஃபிளாஸ்கில் மிளகு ரசம். ஒருமுறை உச்சிக் கற்குவியலுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கியிருந்த ஒரு ஸ்காட் தம்பதிக்கு மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அந்த அம்மாள் இருமி முடித்துவிட்டு இன்னொரு மூடி கேட்டார்.

மே 5

"எப்படியும் மேகம்தானே, மேலே என்ன தெரியும்?"

பாதி நாள் ஒன்றும் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். காம்பஸ் முள்ளைப் பார்த்து, அடியை எண்ணி, கற்குவியல் தட்டுப்பட்டதும் தொட்டுவிட்டுத் திரும்புவதுதான். அதற்கும் ஒரு திருப்தி உண்டு என்று சொன்னால் வீட்டுக்காரர் நம்புவதில்லை.

ஆனால் மேகம் காலுக்குக் கீழே இறங்கி, வெயில் முதுகில் அடிக்கும் நாளும் வரும். அப்போது எதிர்ப்புற மேகத்தில் நம் நிழல் விழும், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. பக்கத்தில் நிற்பவருக்கு அவருடைய தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும், நம் தலையைச் சுற்றி அல்ல. எல்லோரும் அவரவர் கண்ணுக்குச் சாமி. 1894-ல் பென் நெவிஸ் உச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் தங்கி வேலை பார்த்த சி.டி.ஆர். வில்சன் இந்த வளையங்களைப் பார்த்துவிட்டு, இதை ஆய்வகத்தில் செய்து பார்க்கலாமே என்று புறப்பட்டார். அது மேகக்கூண்டு என்ற கருவியாகி, அணுத் துகள்களின் தடத்தைக் காட்டி, 1927-ல் நோபல் பரிசில் முடிந்தது. நமக்கு வாட்ஸ்ஆப் டிபியில் முடிகிறது.

ஜூன் 8

மிட்ஜ் என்ற கடிக்கும் பொடிப்பூச்சி வந்தாகிவிட்டது. கொசுவில் பத்தில் ஒரு பங்கு இருக்கும், கூட்டமாக வந்து காதுக்குள், கண்ணுக்குள், ரசத்துக்குள். லேசாகக் காற்று அடித்தால் காணாமல் போகும். அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடாரத்தை ஆற்றோரப் பள்ளத்தில் போடாமல் காற்று வரும் மேட்டில் போடுங்கள். தலையில் மாட்டிக்கொள்ளும் வலை ஒன்று வாங்கிவிடுங்கள். புல்லில் நடந்து வந்தால் இரவு முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்றே சின்ன பிளாஸ்டிக் கொக்கி விற்கிறது. நசுக்காமல், எண்ணெய் தடவாமல் எடுக்க வேண்டும். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போங்கள், லைம் நோயாக இருக்கலாம். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜூன் 15

விதிகள் பற்றி நீண்ட சண்டை ஓடியிருக்கிறது. ரயிலில் போனால் கணக்கில் வருமா, அடிவாரம் என்பது எது, கடைசிப் பத்து மீட்டரை விட்டால் செல்லுமா.

விதி எதுவும் கிடையாது. முடித்தவர்கள் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்கள், வரிசை எண் தருகிறார்கள். யாரும் ஆதாரம் கேட்பதில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் பதிந்திருக்கிறார்கள். முதல் எண் ஏ.இ. ராபர்ட்சன் என்ற பாதிரியாருக்கு. 1901 செப்டம்பரில் க்ளென்கோவில் கடைசி மலையை முடித்து, முதலில் கற்குவியலுக்கும் பிறகு மனைவிக்கும் முத்தம் கொடுத்தார் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், பென் வைவிஸ் மலையில் மழை வந்ததும் நனைவானேன் என்று அவர் பாதியில் திரும்பியதாக அவர் குறிப்பே சொல்கிறது. மறுபடி போய் முடித்தாரா என்பதற்குத் தடயம் இல்லை. ஆக முதல் ஆளே சந்தேகக் கேஸ். ஆனாலும் எண் 1 அவருடையதுதான்.

ரயில்: கொரூர் நிலையத்துக்குப் பொதுச் சாலையே கிடையாது. கிளாஸ்கோவிலிருந்து மூன்று மணி நேரம், இறங்கினால் சுற்றிலும் சதுப்பு. நிலையமே 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பெயின் ந லாப், 935 மீட்டர். 282-ல் இதைவிடச் சுலபமாக அதிகம் இல்லை. ஏமாற்று என்கிறவர்கள் அடுத்த ரயிலைத் தவறவிட்டுப் பார்க்கட்டும்.

வேகம்: ஹேமிஷ் பிரவுன் 1974-ல் ஒரே மூச்சில் 112 நாளில் முடித்தார். அப்படி முடித்த முதல் ஆள். 2023-ல் ஜேமி ஆரன்ஸ் 31 நாள் 10 மணி நேரத்தில் முடித்தார், மலைகளுக்கு நடுவே சைக்கிளும் கயாக்கும் ஓட்டி. நானும் இதே லிஸ்டில்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

ஜூலை 6

ஏப்ரலில் லிஸ்டுக்காக ரொம்பத்தான் வாதாடிவிட்டேன். மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

ஆரோக்கர் ஊருக்கு மேலே காப்ளர் என்று ஒரு மலை. 884 மீட்டர். மூன்று கொம்பு, நடுக்கொம்பின் உச்சியில் ஒரு பாறைக் கட்டி, அதில் ஒரு துளை. துளைக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் இருக்கும் ஒடுக்கமான விளிம்பில் நகர்ந்து மேலே ஏறினால்தான் உச்சி. தெற்கு மலைநாட்டில் இதைப் போல இன்னொன்று இல்லை. முப்பது மீட்டர் குறைவதால் பட்டியலில் இல்லை. அதை ஒட்டி நிற்கும் நர்னெய்னும் ஈமும் மன்றோ. இரண்டும் மலைதான், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றுக்காக நான் காப்ளருக்கு அடியிலேயே நடந்து போயிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நேரமில்லை" என்று.

வடக்கே சூயில்வென்னும் அப்படித்தான், 731 மீட்டர். சமவெளியில் தனியாக நிற்கிறது. அதைப் பார்த்தபடியே காரில் இன்னொரு மன்றோவுக்குப் போனேன்.

இப்போதெல்லாம் வருடத்துக்குச் சில நாளை டிக் இல்லாத மலைகளுக்கு ஒதுக்குகிறேன். முதல் காப்ளர். துளைக்குள் நுழைந்தேன், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன், நுழைந்த வழியே திரும்பி வந்தேன்.

ஜூலை 7

அந்த விளிம்பே முடியாது என்றால் இன் பின்னை என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள் என்று தெரியும். கேட்டும் விட்டீர்கள்.

தெரியாதவர்களுக்கு: ஸ்கை தீவின் கூலின் மலைத்தொடரில் இன்அக்ஸசிபிள் பினாகிள். 986 மீட்டர். 282-ல் கயிறு கட்டி ஏற வேண்டியது இது ஒன்றுதான். 978 மீட்டர் உயர ஸ்கூர் ஜெரக் உச்சிக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் மெல்லிய பாறைச் சுவர், அதைவிட எட்டு மீட்டர் உயரம். 1880-ல் பில்கிங்டன் சகோதரர்கள் ஏறிவிட்டார்கள். மன்றோ தன் முதல் அட்டவணையில் இதைத் துணை உச்சியாகப் போட்டு, பக்கத்தில் இருக்கும் தாழ்ந்ததை மலையாகப் போட்டார். 1921-ல்தான் மாற்றினார்கள். அவர் கடைசி வரை இதை ஏறவில்லை.

ஆக எனக்குச் சாக்கு ரெடி: லிஸ்ட் போட்டவரே ஏறவில்லை, நான் 281-ஓடு நிறுத்திக்கொள்கிறேன். பெரியப்பா 106-ல் நிம்மதியாக இருந்தாரே.

ஆகஸ்ட் 17

ஏறிவிட்டேன்.

வழிகாட்டியாக வந்தது என்னைவிட இருபது வயது சின்னப் பெண். கூலினில் பாறையிலேயே காந்தம் இருப்பதால் காம்பஸ் பொய் சொல்லும், அதனால் வழி தெரிந்த ஆள் வேண்டும். சரளைச் சரிவில் இரண்டடி ஏறினால் ஓரடி கீழே வந்தது. மேலே போனால் வரிசை! ஆறேழு பேர் ஹெல்மெட்டோடு கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், ரேஷன் கடை தோற்றது.

கிழக்கு விளிம்பு வழியாக ஏற்றம். கஷ்டமான ஏற்றம் என்று சொல்ல முடியாது, கைப்பிடி நிறைய. ஆனால் இத்தனை வருடமாக எல்லோரும் அதே கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து பாறை வழுவழுவென்று ஆகியிருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் விளிம்பு ஒரு முழ அகலம் கூட இல்லை. இடது கால் வைக்கும் இடம் தெரிகிறது, அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வலது பக்கமும் அதே. "மூச்சு விடுங்கள்" என்றாள் அந்தப் பெண், நான் விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உச்சியிலிருந்து இறங்குவது கயிற்றில் தொங்கி, இருபது மீட்டர் வாக்கில். பின்னால் சாய்ந்து உட்காரச் சொன்னார்கள். சாய்வதற்கு உடம்பு ஒப்பவில்லை. முருகா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் அது ஏதோ கயிற்றுக் கட்டளை என்று நினைத்திருப்பார்கள்.

காசு கொடுத்துக் கயிறு கட்டி ஏறினால் அது ஏற்றமா என்று எழுதியிருப்பவருக்கு: ஆமாம், ஏற்றம்தான். ராபர்ட்சன் காலத்திலும் கயிறு இருந்தது.

ஆகஸ்ட் 24

மான் வேட்டைப் பருவம் பற்றிக் கேட்டவருக்கு. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை எஸ்டேட்டுகளில் மும்முரம். 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்போடு நடக்கும் யாருக்கும் மலையில் நடக்க உரிமை உண்டு, "டிரெஸ்பாஸ்" என்று யாரும் விரட்ட முடியாது. ஆனால் வாசலில் "இன்று இந்தச் சரிவில் சுடுகிறோம், அந்த முகடு வழியாகப் போங்கள்" என்று பலகை வைத்திருந்தால் அப்படிப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாகச் சுடுவதில்லை.

அடிபட்டால் 999 அடித்து போலீஸ், அப்புறம் மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். வருகிறவர்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள், பில் வராது. அவர்கள் உண்டியலைப் பார்த்தால் சில்லறையோடு நிறுத்தாதீர்கள்.

செப்டம்பர் 14

நேரம் கணக்குப் போடுவது எப்படி? 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்டிஷ் மலையேறி சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. அவருக்குப் புளியோதரை இடைவேளை கிடையாது. நான் மொத்தத்தில் கால்பங்கு சேர்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 5

கடைசி மலையாக எதை வைப்பது என்பது பெரிய விவாதம். பலரும் மல் தீவின் பென் மோரை வைக்கிறார்கள். 966 மீட்டர், கடலோரத்திலிருந்தே நடை, அடிவாரம் வரை கார் போகும், மலைக்கே வராத சொந்தக்காரர்களையும் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

மன்றோவும் கடைசிக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்தார், கெய்ர்ன்கார்ம் பக்கம், கார்ன் க்ளோயிக்-வூலின். வயதானபின் குதிரையில் போய்விடலாம் என்று கணக்கு. முதல் உலகப் போரில் பிரான்ஸில் படைவீரர்களுக்குச் சாப்பாட்டுக் கூடம் நடத்தப் போனார், 1919-ல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். மலை அப்படியே நின்றுவிட்டது. 1981 திருத்தத்தில் அது துணை உச்சிதான் என்று பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அதனால் நான் எதையும் கடைசிக்கென்று சேமித்து வைப்பதாக இல்லை என்று இங்கே எழுத உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, முட்டி வலியோடு தானும் ஏறக்கூடியது அந்த பென் மோர் ஒன்றுதான், அதில் மட்டும் தன்னை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்கிறார். சரி, அதை வைத்துக்கொள்கிறேன். மல் தீவுக்கு ஓபன் துறைமுகத்திலிருந்து ஃபெர்ரி. கோடையில் காருக்கு இடம் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும், நடந்து ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கவலையில்லை. ஊரிலிருந்து யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்ததும் எத்தனை கார் என்று சொல்கிறேன்.